சுருட்டி வைத்த பதாகை

மச்சான்,

இன்று காலை கடையைத் திறந்ததும் அச்சு மையின் மணத்தோடு உன் நினைவும் வந்தது. நேற்று அடித்த உன் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள் மேசையில் காய்ந்து கிடந்தன. பாரிஸில், இந்த லா சப்பலில், கல்யாணம், பெண்பிள்ளை வயதுக்கு வந்த சாமத்தியவீடு, சாவு எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் அடிப்பார்கள். உன் முகத்தை நான் அடிப்பது இது இரண்டாவது தடவை.

முதல் தடவை உனக்கு மறந்திருக்காது. உங்கள் கால்பந்து கிளப், தலைமைப் பயிற்சியாளரைப் போட்டிப் பருவத்தின் நடுவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, உதவிப் பயிற்சியாளரான உன்னிடம் அணியைத் தற்காலிகமாகக் கொடுத்தது. தோற்றுக்கொண்டிருந்த அணி உன் கையில் வெல்லத் தொடங்கியது. எங்கள் சனத்துக்குப் பொறுமை ஏது? பிள்ளையின் பள்ளிச் சோதனை முடிவு வருமுன்பே வாழ்த்து அடிக்கிற ஆட்கள் அல்லவா! ‘எங்கள் தலைமைப் பயிற்சியாளரை வாழ்த்துகிறோம்’ என்று கடை வாசலில் பெரிய பதாகை கட்டிவிட்டேன். நீ தொலைபேசியில் கத்தினாய்: “உனக்கென்ன விசரே? அவங்கள் இன்னும் கையெழுத்து வைக்கேல்லை.”

அவர்கள் வைக்கவே இல்லை. வேறொரு கிளப்பில் அப்போதுதான் வேலை போயிருந்த ஒரு வெள்ளைக்காரரைக் கொண்டுவந்தார்கள். அன்று பின்னேரம் நீ நேரே கடைக்கு வந்து, பதாகையில் இருந்த உன் சிரிப்பை அண்ணாந்து பார்த்தாய்.

“வேலைக்கு நான் வேணுமாம். கமெராவுக்கு முன்னாலை நிக்க வேறை முகம் வேணுமாம்” என்றாய். பிறகு, “ஓடுறதிலை முக்கால்வாசி ஆபிரிக்கப் பொடியள், அரபுப் பொடியள். ஓடச் சொல்லுறவன் மட்டும் எப்பவும் வெள்ளை. நீ ஒருநாளும் கவனிக்கேல்லையோ?”

நான் கவனித்ததில்லை. தேத்தண்ணி குடிக்கிறாயா என்று கேட்டேன்.

நீயே ஏணியில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தாய். “மழை வரப்போகுது. சுருட்டி வை, அடுத்த முறைக்கு உதவும்.”

அடுத்த முறையும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து வந்த புதிய தலைமைப் பயிற்சியாளருக்கு வீரர்களின் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தவன் நீ. பதாகை இயந்திரத்துக்குப் பின்னாலேயே கிடந்தது.

போன கிழமை பயிற்சி மைதானத்தில் உன் இதயம் நின்றுவிட்டது. உன் மனைவி கடைக்கு வந்தார். உன்னுடைய நல்ல படம் அந்தப் பழைய பதாகையில்தான் இருந்தது; அதையே கணினியில் திறந்தேன். ‘வாழ்த்துகிறோம்’ என்பதை அழித்தேன். ‘தலைமை’ என்ற சொல்லுக்கு வந்ததும் அவரைப் பார்த்தேன்.

“எடுங்கோ அண்ணை. அவை குடுக்காததை நாங்கள் ஏன் போடுவான்? உதவி எண்டே போடுங்கோ.”

போட்டேன். அழுகை வரவில்லை. எழுத்தின் அளவைச் சரிபார்த்தேன், ஓரத்தில் குத்துவிளக்கு வைத்தேன். கை வழக்கம்போல வேலை செய்தது. இதை எழுதும்போதும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. பதாகையை மட்டும் எறிய மனம் வரவில்லை, அது இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சற்று முன்பு உன் சுவரொட்டியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தேன். மரக்கறிப் பையோடு போன ஒரு அம்மா நின்று படத்தைப் பார்த்தார். கீழே இருந்த எழுத்தை அவர் வாசிக்கவில்லை.

“ஐயோ, இவர் அந்தக் கிளப்பின்ரை பெரிய கோச் எல்லோ தம்பி?”

உன் மனைவி கேட்டால் கோபிப்பார். நீயும் கோபிப்பாய்.

“ஓம் அம்மா” என்றேன்.