மதகுக்காரர் வீட்டு முகவரி

காஸ்தெல்நோதாரி, பிரான்சு
20 ஏப்ரல் 1958

அன்புள்ள கமலவேணிக்கு,

உன் வீட்டுக்காரன் படகிலிருந்து எழுதுகிறேன். ஆமாம், படகிலிருந்துதான். உடனே திட்டத் தொடங்காதே, முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

பட்டாளத்தில் என்னோடு இருந்த லூயி தன் பழைய கோதுமைப் படகை எனக்கே கொடுத்துவிட்டான். மூட்டை அடுக்கிய இடத்தில் இப்போது ஒரு கட்டில், ஒரு அடுப்பு, சன்னலோரம் கொத்தமல்லித் தொட்டி. இந்தக் கால்வாயில் என்னைப்போல் வேலை முடிந்தவர்கள் சும்மா சுற்றுவதற்கென்றே படகு ஓட்டுகிறார்கள். எங்கும் போய்ச் சேர வேண்டியதில்லை. கரையில் நடக்கிற கிழவிகூட நம்மை முந்திவிடுவாள். நடுநடுவே மதகுகள் உண்டு. படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை அடைத்துத் தண்ணீர் விடுவார்கள், படகு தானாக மேலே ஏறும்.

சைகோன் பட்டாளத்தில் எவனோ பிகிள் ஊதினால் எழுந்தேன், எவனோ சொன்னால் படுத்தேன். களைத்துப்போய்விட்டேன் கமலா. இந்த ஒரு கோடை மட்டும் இருந்துவிட்டு ஊருக்கு வந்துவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ வா, இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. பதிலை அடுத்து நான் போகிற கார்க்கசோன் ஊர்த் தபாலாபீசுக்கு எழுது. மகள் வேம்புக்கு என் ஆசிகள்.

உன் சக்கரபாணி

*

உப்பளம், புதுச்சேரி
9 மே 1958

வேம்பு அப்பாவுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. உடம்புக்குச் சுகம் என்று தெரிந்து சந்தோஷம். தண்ணீரில் குடியிருக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஐப்பசி பிறந்தால் நம் தெருவிலேயே முழங்கால் தண்ணீர். அந்த ஆசை எனக்கு என்றைக்கோ தீர்ந்துவிட்டது.

வேம்புக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் பெயர் அரிகிருஷ்ணன், வீடு சாரம் பக்கம், பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வந்தார்கள், காப்பி குடித்தார்கள், பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள். போகும்போது பையனின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பா நெனைக்காதீங்க, பொண்ணோட அப்பா எங்க இருக்காரு?" என்று கேட்டாள்.

"பிரான்சுல."

"பிரான்சுல எந்த ஊருல?"

போன மாதம் ஓர் ஊர், இந்த மாதம் ஓர் ஊர் என்று நான் எப்படிச் சொல்ல? நீங்கள் அங்கே எவளையோ கட்டிக்கொண்டதாக எதிர்வீட்டில் ஏற்கெனவே பேச்சு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? படகு என்று சொன்னால் சிரிப்பார்கள்.

உங்கள் கோடையை நான் கெடுக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். நீங்கள் உயிரோடு இருக்கும்போது நான் ஒருத்தியாக மனையில் உட்கார்ந்து பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க முடியாது. முறை அப்படி. நீங்கள் வந்து என் பக்கத்தில் உட்காருங்கள். மறுநாளே திரும்பிப் போனாலும் சரி, நான் தடுக்க மாட்டேன்.

தங்கள் கமலவேணி

*

கார்க்கசோன்
30 மே 1958

அன்புள்ள கமலா,

என் மகள் கல்யாணத்துக்கு நான் வராமல் வேறு யார் வருவார்? இதையெல்லாம் கேட்டு எழுதலாமா? நாள் குறித்ததும் எழுது. மார்செய்யில் கப்பல் ஏறினால் ஒரு மாதத்தில் வாசலில் நிற்பேன்.

ஆனால் இந்த ஊருக்கு எழுதாதே, நாளைக்குக் கிளம்புகிறேன். படகுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அடுத்துப் போகிற ஊரின் மதகுக்காரர் வீட்டு முகவரியைக் கொடுத்துவிடுவோம். நாங்கள் போய்ச் சேரும்வரை கடிதத்தை அவர் எடுத்து வைத்திருப்பார். நீ பெசியே ஊர் மதகுக்காரர் முகவரிக்கு எழுது, கீழே குறித்திருக்கிறேன். ஜூலை முதல் வாரம் அங்கே இருப்பேன்.

நேற்று மிளகு ரசம் வைத்தேன். பக்கத்துப் படகுக்காரி இருமிக்கொண்டே இன்னொரு கிண்ணம் கேட்டாள். நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். வழியெல்லாம் நிழல். இரவில் நன்றாகத் தூங்குகிறேன், துப்பாக்கிச் சத்தம் கனவில் வருவதில்லை.

உன் சக்கரபாணி

*

உப்பளம்
23 ஜூன் 1958

வேம்பு அப்பாவுக்கு வணக்கம்.

நாள் குறித்தாகிவிட்டது. ஆவணி இருபது, வெள்ளிக்கிழமை. உங்கள் கணக்குக்குச் செப்டம்பர் ஐந்து. பத்திரிகையில் உங்கள் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறேன். ஜூலைக் கடைசிக்குள் கப்பல் ஏறிவிடுங்கள். பதில் வராவிட்டால் அதே முகவரிக்குத் தந்தி அடிப்பேன்.

"அப்பா வருவாராம்மா?" என்று வேம்பு கேட்டாள். "வருவாருடி, வராம என்ன?" என்றேன். அந்தப் பேச்சைக் காப்பாற்றிவிடுங்கள், அது போதும்.

தங்கள் கமலவேணி

*

பெசியே
11 செப்டம்பர் 1958

கமலா,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. இன்று காலைதான் இங்கே வந்தேன். மதகுக்காரர் உன் கடிதத்தையும் தந்தியையும் சேர்த்து என் கையில் கொடுத்தார். தேதியைப் பார்த்ததும் அவர் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வழியில் நார்போனுக்கு ஒரு கிளைக்கால்வாய் பிரிகிறது. கூட வந்த படகுக்காரர்கள் கடல் பார்த்துவிட்டு வரலாம் என்றார்கள். இரண்டு நாள்தானே என்று நானும் திருப்பினேன். பிறகு நாள் போனதே தெரியவில்லை. நாள் குறிக்க இன்னும் தாமதமாகும் என்று நினைத்தேன். இல்லை, பொய். நினைக்கவே இல்லை.

படகை விற்கச் சொல்லிவிட்டேன். அடுத்த கப்பலுக்குக் கேட்டிருக்கிறேன். உன் பதில் வரும்வரை இந்த மதகை விட்டு நகர மாட்டேன். நான் வரட்டுமா? ஒரு வரி எழுது.

சக்கரபாணி

*

உப்பளம்
29 செப்டம்பர் 1958

வேம்பு அப்பாவுக்கு,

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மழை வரவில்லை. பந்தியில் சாம்பார் கொஞ்சம் தண்ணீர் என்றார்கள், வேறு குறை இல்லை.

என் தம்பி இராமதாசும் அவன் பெண்டாட்டி சின்னப்பாப்பாவும் மனையில் உட்கார்ந்து தாரை வார்த்தார்கள். "கிட்ட வந்து நில்லுக்கா" என்று சின்னப்பாப்பா கூப்பிட்டாள். கிட்டப் போனால் நான் தனியாக நிற்பது இன்னும் நன்றாகத் தெரியும். போகவில்லை. பெற்றவள் நான், யாரோ விருந்தாளி மாதிரி தள்ளி நின்றே பார்த்தேன். தாலி ஏறிய பிறகும் ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்தேன், வெட்கக்கேடு.

வேம்பு வாசலைப் பார்க்கவில்லை. அவள் முதல் நாளே, "போதும்மா, மாமாவே ஒக்காரட்டும். நீ வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கறத என்னால பாக்க முடியல" என்று சொல்லிவிட்டாள்.

நீங்கள் பட்டாளத்தில் இருந்தபோது வருஷக்கணக்காகக் காத்திருந்தேன். அது உங்கள் கையில் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இது உங்கள் கையில் இருந்தது. எனக்குக் கோபம்கூட வரவில்லை, அலுத்துவிட்டது.

படகை விற்காதீர்கள். விற்றுவிட்டு இங்கே வந்தால், விட்டுவந்த படகைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. அங்கே தூக்கம் வருகிறது என்றீர்கள், அங்கேயே தூங்குங்கள். மனசாரத்தான் சொல்கிறேன். வராதீர்கள்.

மதகிலேயே காத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம், கிளம்புங்கள். இந்தக் கடிதம் உங்களுக்கு எப்போது கிடைக்கிறதோ அப்போது படித்தால் போதும். நாள் தவறாமல் செய்ய வேண்டியது எதையும் நான் இதில் எழுதவில்லை.

கமலவேணி