இரண்டு சென்சார்கள்

செவ்வாய், இரவு.

பாயான் லெப்பாஸில் எங்கள் தொழிற்சாலை, மலிவு விலை மின்சாரக் காருக்கு பேட்டரியைக் கண்காணிக்கும் மின்சுற்றுப் போர்டு செய்கிறது. இன்று மேலாளர் குணா போர்டின் வரைபடத்தை, வடிவமைப்புப் பொறியாளரான என் முன் வைத்தார்.

"நாலு சென்சார்ல ரெண்ட எடுத்துரும்மா. அப்பத்தான் லாபம் நிக்கும் லா."

பேட்டரி சூடானால் எச்சரிப்பவை அவைதான்.

"இந்தக் கார நீங்க வாங்குவீங்களா அண்ணே?" என்றேன்.

"நான் எதுக்கு? இது சாதாரண ஆளுங்களுக்கு."

அந்தப் பதில்தான் இன்னும் எரிகிறது. மழையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் என் கணவர் இந்தக் காருக்குத்தான் முன்பதிவு செய்திருக்கிறார். போர்டின் உறையை எளிமையாக்கினாலே செலவு குறையும். பல மாதமாகச் சொல்கிறேன். உறையை வார்க்கும் அச்சை மாற்ற அவருக்குச் சோம்பல்.

இரண்டு சென்சாரை எடுக்கும் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். நாளை வேறொருவர் போடுவார். என் பெயர் இல்லாவிட்டால் போதுமா? போதாது. காலையில் கார் நிறுவனத்துக்கே எழுதுவேன்.