மேற்குச் சுவருக்குப் போகும் வழியில்

அன்புள்ள அம்மாவுக்கு எதெரி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

ஜெருசலேமில் நான் பார்த்துக்கொள்ளும் யூதக் கிழவி ஷுலமித்துக்கு, சிலுவை போட்ட என் கையால் குளிக்க வேண்டியிருக்கிறதே என்று தினமும் எரிச்சல். செவ்வாயன்று அவளைச் சக்கர நாற்காலியில், யூதர்கள் தொழும் மேற்குச் சுவருக்குத் தள்ளிப்போனேன். அவள் தொழுது முடிப்பதற்குள் பக்கத்திலிருக்கும் நம் ஆண்டவரின் கல்லறைக் கோயிலுக்குப் போய்வர நினைத்திருந்தேன். சந்தில் எதிரே வந்த ஒருவன் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துக் காறித் துப்பினான். எச்சில் சட்டையில் விழுந்தது.

கிழவி ஊன்றுகோலால் அவன் முட்டியில் ஒன்று போட்டாள்.

"தொழப் போற வழியிலயா துப்புற? இவளத் திட்டணும்னா நான் திட்டிக்கிறேன். நீ யாருடா?"

அவன் நொண்டிக்கொண்டே நகர்ந்தான். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாதடி. உன் சிலுவையக் கண்டா எனக்கும்தான் ஆகாது. தள்ளு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்க்காமலே கைக்குட்டையைப் பின்னால் நீட்டினாள்.

"துவைச்சுக் குடு."

கவலைப்படாதீர்கள், கோயிலில் உங்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டேன். நம் ஊர் சாமந்திப்பூப் பொடி கொஞ்சம் அனுப்புங்கள். அது போட்ட குழம்பைக் கிழவி குறை சொல்லாமல் சாப்பிடுவாள். எதிரே உட்கார்ந்து சாப்பிட எனக்கும் இங்கே வேறு ஆள் இல்லை.

கத்துகிறாள், போகிறேன்.

எதெரி