மதுவை வாங்கிக்கலாமா?

குமாசி ஆஸ்பத்திரி
3 மார்ச் 1994

அன்புள்ள ஒபாரே,

நலம். நீயும் உன் அம்மாவும் நலம்தானே? கட்டியோடு மேல் தாடையில் பாதியை எடுத்த பிறகு நான் பேசிய பேச்சை நீயே கேட்டிருக்கிறாய். சூப் குடித்தால் மூக்கில் வரும், பேச்சும் மூக்கில்தான் வரும். வார்டுப் பிள்ளைகள், "அக்கா, அனான்சே சிலந்தி மாதிரியே பேசுறீங்க, ஒரு கதை சொல்லுங்க" என்று சுற்றிச் சுற்றி வந்தார்கள். நம் ஊர்க் கதைகளில் அந்தச் சிலந்தி மூக்கால்தானே பேசும், அதுகளிடம் கோபப்பட முடியுமா?

நேற்று பல் டாக்டரம்மா பல்செட் மாட்டிவிட்டார். அண்ணத்து ஓட்டையையும் அதுவே அடைத்துக்கொள்கிறது. முதலில் குமட்டியது. "உங்க பேரைச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். என் பழைய குரல், ஒபாரே. பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டேன், பிறகு அழுதேன். 'ச' மட்டும் இன்னும் சீறுகிறது. தேய்த்துச் சரிசெய்வார்களாம்.

கல்யாணத்தன்று பெரியவர்கள் பெண்ணை நிறுத்தி, மாப்பிள்ளை வீட்டாரைக் காட்டி, "இவங்க கொண்டுவந்த மதுவை வாங்கிக்கலாமா?" என்று மூன்று முறை கேட்பார்களே, அவள் சம்மதித்து வாங்கினால்தானே கல்யாணம், அதற்கு என் வாயால் பதில் சொல்ல வேண்டும். இத்தனை வலியும் அதற்காகத்தான் பொறுத்தேன். ஈஸ்டர் கழிந்து தேதி வை.

உன் கொனாடு


மாம்போங்
14 மார்ச் 1994

கண்ணே கொனாடு,

உன் கடிதம் போன வாரமே வந்தது. சந்தோஷம். 'ச' சீறுகிறது என்று எழுதியிருந்தாய், அதனால் நீ சங்கடப்பட வேண்டாம் என்று ஒரு காரியம் செய்தேன். சனிக்கிழமை மது கொடுத்தாயிற்று. உன் தங்கை அப்ராஃபி உன் இடத்தில் உட்கார்ந்து மூன்று முறையும் சம்மதம் சொன்னாள். வர முடியாமல் லண்டனில் இருக்கும் பெண்களுக்கு இப்படித்தானே செய்கிறார்கள்.

என் அம்மாதான் சொன்னார்: "அந்தப் பொண்ணு வாயத் திறந்தா சபையே சிரிக்கும்டா. பாவம், அதை ஏன் கொண்டாந்து நிறுத்தணும்?" உன் தாய்மாமா முதலில் முறைத்தார். நீயே கேட்டுக்கொண்டதாகச் சொன்னதும் ஒத்துக்கொண்டார். இனி நீ என் மனைவி. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் ஒபாரே


குமாசி ஆஸ்பத்திரி
19 மார்ச் 1994

ஒபாரேவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். நான் சொல்லாததை நான் சொன்னதாக என் மாமாவிடமே சொன்னாயா? தாடையை வெட்டியவர்கள்கூட என்னைக் கேட்டுவிட்டுத்தான் வெட்டினார்கள்.

நீ கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. நாளைக்குச் சர்ச்சில், சந்தையில், பிள்ளை பிறந்தால் அதன் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பதிலாக யாரைப் பேச வைப்பாய்? அதுவும் என் நல்லதுக்கு என்றுதானே சொல்வாய்?

நேற்று மாமா என்னைப் பார்க்க வந்தார். பல்செட்டோடு அவர் எதிரே உட்கார்ந்து, "மாமா, நான் யாரையும் எனக்காகப் பேசச் சொல்லல. அந்த மதுவைத் திருப்பிக் கொடுத்துடுங்க" என்றேன். அவர் என் வாயையே பார்த்தார். "நீ பேசவே மாட்டேன்னுல்ல சொன்னாங்க" என்றார்.

27-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாட்டில்களோடு உன் வீட்டுக்கு வருவார். கூட நானும் வருகிறேன். உன் அம்மாவையும் இருக்கச் சொல்.

கொனாடு