வேர் போன வழி

அக்கா,

டிவி ஆன்டெனாவுக்குக் கம்பம் நட, இன்று காலை தோட்டத்து மூலையில் குழி தோண்டினேன். முழ ஆழத்தில் கடப்பாரை எதிலோ இடித்தது. கையை விட்டு எடுத்தால் கரித்துண்டு. முழங்கை நீளம், உள்ளே வெறும் கூடு. "நம்ம வாகை மரம்" என்றாள் என் மனைவி. நான் உங்கள் வேலிப் பக்கம் பார்த்தேன். போன தையில் நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து தெருச் செய்தி எதுவும் எனக்கு நேரத்துக்கு வந்து சேர்வதில்லை.

அந்த வாகை ஒரு ஐப்பசிப் புயலில் சாய்ந்தது. மரத்தை அறுத்துப் போனார்கள். அடிக்கட்டை இரண்டு வருஷம் கிடந்து காய்ந்தது. தினமும் விழுப்புரம் ஆபீசில் தூங்கிவிட்டுத் திண்டிவனம் திரும்புகிற என்னை அது தவறாமல் தடுக்கிவிடும். காணை கிராமத்திலிருந்து வருகிற ஆபீஸ் நண்பர்தான் வழி சொன்னார்: "சுத்திப் பள்ளம் எடுத்து, உமியைக் கொட்டி நெருப்பு வைங்க சார். எட்டு நாள்ல சாம்பல். கோடாலியே வேணாம்." உழைக்காமல் முடிகிற வேலை என்றால் எனக்கு உடனே புரிந்துவிடும். இரண்டு மூட்டை உமியைப் பாசஞ்சர் ரயிலில் ஏற்றி, பெட்டி முழுவதையும் தும்மவைத்துக் கொண்டுவந்தேன்.

வேலிக்கு மேல் உங்கள் தலை தெரிந்தது. "தம்பி, வேரு எங்கெங்க போயிருக்குதுன்னு பாத்தியா? எம் மல்லாட்டைக் கொடிப் போரு இங்கதான் இருக்குது." உங்கள் இரண்டு பசுக்களுக்கும் கோடை முழுக்க அந்த நிலக்கடலைக் கொடிப் போர்தான் தீனி.

"நடுவுல வேலி இருக்குதே அக்கா" என்றேன். நெருப்பு வேலியை மதிக்கும் என்று நம்பிய ஒரே குமாஸ்தா நான்தான்.

நான்கு நாள் கட்டை சத்தமில்லாமல் கனன்றது. ஐந்தாம் நாள் ஞாயிறு. மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். சாம்பலைக் கிளறி என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தபோது உங்கள் குரல்.

"தம்பி, உம் மரம் எங்க ஊட்ல வந்து சுருட்டு புடிச்சிக்கினு இருக்குது. ஜல்தி வா!"

உங்கள் பக்கத்து வெறும் மண்ணிலிருந்து நூலாகப் புகை எழுந்துகொண்டிருந்தது. போருக்கு ஏழெட்டடிதான். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். அங்கே நின்ற புகை, இரண்டடி தள்ளி, போரின் பக்கமாகக் கிளம்பியது. வாளியைப் போட்டுவிட்டு வாசல் பக்கம் திரும்பினேன்.

"ஃபயர் சர்வீசுக்குப் போய் வர்றேன்க்கா."

"நீ போய் வர்றதுக்குள்ள மாடுங்க பட்டினி. சும்மா நில்லு."

செருப்பை உதறினீர்கள். கண்ணை மூடிக்கொண்டு, வெறுங்காலை ஊன்றி ஊன்றி நடந்தீர்கள். "இங்க கொதிக்குது. இங்க சூடு. இங்க வெதுவெதுன்னு இருக்குது..." போருக்கு ஓரடி முன்னால் நின்று குதிகாலால் கோடு கிழித்தீர்கள். "இங்க ஜில்லு. இன்னும் வரல. இங்க வெட்டு."

வெட்டினேன். நீங்கள் சொன்ன கோட்டுக்கு நேர் கீழே, கை மொத்தத்துக்கு வேர். கோடாலியால் துண்டித்தேன், காணை நண்பரை வாழ்த்தியபடி. சூடிருந்த பக்கம் மண்ணை விலக்கினால், பட்டை அப்படியே இருக்க உள்ளுக்குள் மட்டும் சிவப்பாக நெருப்பு ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. தண்ணீரை ஊற்ற மறந்து இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். மறுமுனை போருக்கு அடியில் நுழைந்து உங்கள் மாட்டுத் தொட்டிக்குப் போயிருந்தது. என் தோட்டத்திலிருந்து பதினேழு தப்படி.

"தண்ணிக்கு வந்திருக்குது பாரு" என்றீர்கள், மெதுவாக. "எத்தினி வருசமா வந்து குடிச்சிக்கினு இருந்துதோ! இந்தத் தெருவுல எனக்குத் தெரியாம ஒண்ணு நடந்திருக்குது."

அப்புறம் சில நாள் நொண்டிக்கொண்டே பால் ஊற்றினீர்கள். கேட்டால், முள் என்றீர்கள். தெரு முழுக்க உங்கள் வாயால் பரவிய சேதி: "தம்பிதான் கரெக்டா எடம் பாத்து வெட்டினாரு." நானும் மறுக்கவில்லை, கதைக்கு மேற்கொண்டு கொஞ்சம் கை கால் வைத்தேன்.

இன்று கரித்துண்டைப் பிடித்துக்கொண்டு மனைவியிடம் உண்மையைச் சொன்னேன்.

"தெரியுமே" என்றாள். "அக்கா காலுக்குக் கத்தாழை வெச்சிக் கட்டினது யாருன்னு நெனச்சீங்க? உள்ளங்கால் பூரா கொப்புளம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாங்க."

ஊர் ரகசியம் அத்தனையும் வேலி தாண்டி என்னிடம் கொட்டிய நீங்கள், இதை மட்டும் காலடியில் வைத்துக்கொண்டே போய்விட்டீர்கள்.

கம்பத்தை வேறு மூலையில் நட்டுக்கொள்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் குழியோரம் நிற்கிறேன். மண் ஜில்லென்று இருக்கிறது, அக்கா.