ரோமில் கிடைத்த ஒலிநாடா

மொன்றியல்,
4 மார்ச் 2016

அன்புத் தங்கை ஓர்லீனுக்கு,

அண்ணன் சிமிலியன் எழுதுவது. என் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். நான் அழைத்தால் நீ போனை எடுப்பதில்லை. அதனால் ஊருக்கு வரும் பாதிரியாரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் இளவயதில் அந்த இத்தாலிக்காரன் நம் கரும்புக் காட்டில் எடுத்த, அடிமைகளைப் பற்றிய படத்தை மறந்திருக்கமாட்டாய். கேவலமான படம் என்று பழித்தவர்களே இப்போது அதைத் தேடுகிறார்களாம். தூசி தட்டி, மெருகேற்றி, டிஸ்க்காகப் போடுகிறார்கள். படப்பிடிப்பில் மொழிபெயர்ப்பாளனாக இருந்த என்னைப் பேட்டி எடுத்தார்கள். மகள் நத்தலி எங்கள் ஹெய்ட்டிச் சங்கத்தில் எனக்கு ஒரு விழாவே வைக்கிறாள்.

டிஸ்க் கம்பெனிப் பெண் நம் ஊர் ஜக்மெலுக்கு வந்து உன்னையும் பார்ப்பாள். அடிமைகளாக நடித்தவர்களில் நீ ஒருத்திதான் மிச்சம். நல்லதாக நாலு வார்த்தை சொல். சாட்டை விஷயம் வேண்டாம். அன்று நான் அரிசி வாங்கப் போயிருந்தேன் என்பது உனக்கே தெரியும்.

ஆசிகளுடன்,
சிமிலியன்

ஜக்மெல்,
29 மார்ச் 2016

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

உங்கள் முழங்கால் குணமாகட்டும். அந்தப் பெண் வந்தாள். மீனும் வறுத்த வாழைக்காயும் போட்டேன், நன்றாகச் சாப்பிட்டாள்.

இத்தாலிக்காரர்கள் பேச்சையெல்லாம் பின்னால் ரோமில்தான் பதிந்தார்களாம். படத்தில் எனக்குச் சாட்டையடி விழும்போது கேட்கும் அலறல் அங்கே யாரோ ஒருத்தி போட்டது. ஆனால் பின்னால் உதட்டசைவோடு பொருத்திப் பார்ப்பதற்காகப் படப்பிடிப்பிலும் ஒரு நாடாவை ஓடவிட்டிருக்கிறார்கள். அது இப்போது கிடைத்துவிட்டது. அதைப் போட்டுக் காட்டி, "இது யார் குரல்னு தெரியுதாம்மா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். அலறல் என்னுடையது. அடிக்கச் சொல்லி ஏவிய குரல் உங்களுடையது. அரிசி வாங்கப் போனவர் எப்படி நாடாவுக்குள் வந்தீர்கள்?

ரத்தம் ஊறிய சட்டையோடு நான் வீட்டுக்கு வந்தபோது, "அங்க இல்லாத அண்ணன் மேல பழி போடுறியாடி?" என்று கேட்டாள் அம்மா. அன்றைய பூசணி சூப்பை உங்களுக்கு மட்டும் ஊற்றினாள். கடைசிவரை நான் பொய்க்காரி என்று நம்பியே செத்தாள்.

நாடாவும் டிஸ்க்கில் ஏறினால்தான் என் பேட்டி என்று சொல்லிவிட்டேன். சம்மதித்தார்கள்.

தங்கை,
ஓர்லீன்

மொன்றியல்,
17 ஏப்ரல் 2016

கண்ணே ஓர்லீன்,

இருந்தேன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? இத்தாலிக்காரன் சொன்னதைத்தான் நான் நம் மொழியில் சொன்னேன். மொழிபெயர்ப்பவனுக்கு ஏது சொந்த வாய்?

நத்தலிக்கு நான்தான் எல்லாம். அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? அம்மாவின் பெயரால் கேட்கிறேன், அந்த நாடாவை நிறுத்தச் சொல்.

உன் அண்ணன்,
சிமிலியன்

ஜக்மெல்,
30 மே 2016

சிமிலியன்,

அம்மா பெயரை நீ எடுக்காதே.

எய்தவனையும் நான் விடவில்லை. அவன் செத்துவிட்டான் என்பதற்காகப் பேட்டியில் ஒரு வார்த்தை குறைக்கவில்லை. ஆனால் நாடாவில் அவன் சொல்வது என்ன என்று கம்பெனிப் பெண்ணிடம் கேட்டேன். அவளுக்கு இத்தாலி மொழி தெரியும். "இன்னொரு தடவை, நம்பும்படியாக." அவ்வளவுதான். அதற்கு நீ, சாட்டை பிடித்திருந்த குதிரைக்காரன் லுக்னெரிடம் சொன்னது இது: "நிசமாவே போடுடா. ரத்தம் தெரியணும். அவ என் தங்கச்சிதான், வெளிய மூச்சு விடமாட்டா."

இதில் எது இத்தாலிக்காரன் சொன்னது?

திரையின் அடியில் எழுத்து ஓட வேண்டும் என்றார்கள். நம் மொழி தெரிந்தவர் அவர்களிடம் யாரும் இல்லை. நானே பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தேன், உன் பெயரோடு. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. மொழிபெயர்ப்பு என்றால் அதுதான். எத்தனை வருடம் இதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? இப்போது மனம் ஆறியிருக்கிறது. உன்னை நினைத்து ஐயோ பாவம் என்று கூடத் தோன்றவில்லை.

விழாவுக்கென்று முதல் டிஸ்க்கை நத்தலிக்கு அனுப்பியிருக்கிறார்கள். நேற்று அழைத்தாள். அழுகையினூடே, "அத்தை, அது அப்பா குரலான்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

"நான் சொன்னா இந்தக் குடும்பத்துல யாரும்மா நம்பியிருக்காங்க? நாடாவுல இருக்குற அந்த வரியை எழுதி உங்கப்பா கையில கொடு. சத்தமா படிக்கச் சொல்லி, அதே குரலான்னு நீயே கேளு" என்றேன்.

ஓர்லீன்