ஈயம் உருகவில்லை

அப்பாவுக்கு,

நான் வெளிநாடு கிளம்பும்போது உங்கள் ரிப்பேர் கடையிலிருந்து கொடுத்தனுப்பிய சால்டரிங் அயர்னில் ஈயம் உருகவில்லை என்று போனில் சொன்னேன்.

"அங்க எத்தனை வோல்ட்டும்மா?"

"இன்ஜினியருக்கே பாடமா? அடாப்டர் போட்டுத்தாம்பா சொருகினேன்."

"அப்ப என் சாமான்தான் மக்கர் பண்ணுது."

அன்றே அதைக் குப்பையில் போட்டேன்.

அடாப்டர் பிளக்கின் பின்னைத்தான் பொருத்தும்; வோல்ட்டைக் கூட்டாது. இங்கே நம் வீட்டு வோல்ட்டில் பாதிதான். நேற்று ஆய்வகத்தில், வோல்ட்டைக் கூட்டித் தரும் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இப்போதெல்லாம் சரிசெய்த மிக்ஸியை மூன்று தடவை ஓட்டிப் பார்த்துத்தான் கொடுக்கிறீர்களாம். "பொண்ணுக்கே ஓட்டைச் சாமானக் கொடுத்த கை" என்கிறீர்களாம். அம்மா சொன்னாள்.

ஒரு தடவை போதும் அப்பா. அந்த அயர்ன் நன்றாகத்தான் இருந்தது.

போனில் சொல்ல வாய் வராத,
உங்கள் மகள்